பொறுப்பேற்றுக் கையொப்பமிட்டவர்

சென்ற மாதம் எங்கள் தெருவில் வசிக்கும் ஒரு பெண்மணி தம் மகனை அழைத்துக்கொண்டு என் வீட்டுக்கு வந்தார். பையனுக்கு வயது 19. பிளஸ் டூ தேர்வில் கணக்கில் தவறியவன், துணைத்தேர்வு எழுதவில்லை. இரண்டு ஆண்டுகளாகப் பகலில் உறக்கம், இரவில் கைப்பேசி. இடையில் ஒரு துணிக்கடையில் இருபது நாள், பொருள்களை வீடுகளில் கொண்டுசேர்க்கும் வேலையில் பத்து நாள். அதோடு சரி. தொழிற்பயிற்சி நிலையத்தில் முப்பது ஆண்டுகள் ஃபிட்டர் பிரிவு ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். அதனால் எங்காவது சேர்த்துவிட வேண்டும் என்று கேட்டுக்கொண்டார்.

எனக்குத் தெரிந்த லேத் பட்டறை ஒன்றுக்கு அவனை அழைத்துச் சென்றேன். உரிமையாளர் ஒருகாலத்தில் என் மாணவர். பையனை ஏற இறங்கப் பார்த்தார். மதிப்பெண் பட்டியலைக் கேட்கவில்லை. முன் அனுபவத்தைக் கேட்கவில்லை. இவனுக்கு யார் பொறுப்பு என்று மட்டும் என்னைக் கேட்டார். பட்டும் படாமலும் ஏதோ சொல்லிவிட்டு, ஒரு வாரத்தில் வருகிறேன் என்று திரும்பிவிட்டேன்.

அன்றிரவு எனக்கு நினைவுக்கு வந்தது ஒரு பழைய தாள். தொழிற்பயிற்சியின் வரலாற்றைத் தேடிப் படித்துக்கொண்டிருந்த நாள்களில் அதன் வாசகத்தை முதன்முதலில் கண்டேன். வட இத்தாலியின் டுரின் நகரில் 1852 பிப்ரவரி 8 அன்று, 40 சென்டெசிமி மதிப்புள்ள முத்திரைத்தாளில் எழுதப்பட்ட பயிற்சி ஒப்பந்தம் அது. ஒருபுறம் ஜூசெப்பே பெர்த்தொலீனோ என்ற தச்சர். மறுபுறம் ஜூசெப்பே ஒடாஸ்ஸோ என்ற சிறுவன். அவன் தந்தையும் உடனிருக்கிறார். இவர்களோடு, அந்தப் பையனுக்கு உறவோ சுற்றமோ அல்லாத ஒருவரும் தம் பெயரை எழுதிக் கையொப்பமிட்டிருக்கிறார். அவர் பெயர் ஜான் போஸ்கோ.

நம் ஊரில் அந்தப் பெயரைத் தாங்கிய பள்ளிகள் பல உண்டு. சீருடை அணிந்த பிள்ளைகளும், சேர்க்கைக்காக அலையும் பெற்றோரும்தான் அந்தப் பெயரைக் கேட்டவுடன் நம் மனத்தில் தோன்றுவார்கள். ஆனால், அவர் தம் வாழ்நாளைத் தொடங்கியது எந்தப் பள்ளியும் சேர்த்துக்கொள்ளாத, எந்த முதலாளியும் நிலையாக வைத்துக்கொள்ளாத பையன்களோடு. அவரைப் பற்றிய கனவுகளும் அற்புதங்களும் நிறையச் சொல்லப்படுகின்றன. இரவில் அவருக்குக் காவலாக வந்த சாம்பல்நிற நாயின் கதையும் உண்டு. பக்தர்களுக்கு அவை இனியவை. எனக்கு அந்த முத்திரைத்தாள் போதும்.

1815 ஆகஸ்ட் 16 அன்று பியட்மாண்ட் பகுதியில் பெக்கி என்ற குக்கிராமத்தில் உழவர் குடும்பத்தில் பிறந்தார் அவர். இரண்டு வயது நிரம்புமுன் தந்தை நுரையீரல் காய்ச்சலில் இறந்துபோனார். தாய் மார்கரீத்தா எழுத்தறியாதவர். தந்தையின் முதல் மனைவிக்குப் பிறந்த மூத்தவர் அந்தோனியோவுக்குத் தம்பி புத்தகம் எடுப்பதே பிடிக்காது. மண்வெட்டி பிடிக்கவேண்டிய கை ஏடு பிடிப்பதா என்பது அவர் கோபம். பூசல் முற்றவே, தாய் பன்னிரண்டு வயது மகனைத் துணி மூட்டையோடு வீட்டை விட்டு அனுப்பினார். 1828 தொடக்கத்திலிருந்து ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் மொல்யா என்ற குடும்பத்தின் பண்ணையில் அவர் மாடு மேய்த்தார். வயல் வேலை செய்தார். படிப்பு நின்றது.

ஒரு முதிய பாதிரியார் பரிவு காட்டிப் பாடம் சொல்லிக்கொடுக்கத் தொடங்கினார். ஓராண்டில் அவரும் இறந்தார். கடைசியில் கியேரி நகரப் பள்ளியில் ஜான் சேர்ந்தபோது வயது 16. கடைசி வகுப்பில், தம்மைவிட மிகச் சிறிய பிள்ளைகளுக்கு நடுவே அமர்ந்தார். உயர்ந்து வளர்ந்த ஓர் இளைஞன் சின்னஞ்சிறு பிள்ளைகளின் பெஞ்சில் கால் மடக்கி அமர்வது எவ்வளவு கூச்சமான செயல் என்பதை, தேர்வில் தவறி மீண்டும் வந்து அமர்ந்த மாணவர்களைப் பார்த்தவன் என்ற முறையில் நான் அறிவேன். அந்த ஒரு பெஞ்சுக்கு அஞ்சியே வாராமல் போனவர்கள் எத்தனையோ பேர். ஜான் அமர்ந்தார். செலவுக்காகத் தையற்காரரிடம் ஊசி பிடித்தார். கொல்லரிடம் சம்மட்டி பிடித்தார். ஒரு காப்பிக் கடையில் எடுபிடியாக இருந்து, மாவுப்பண்டம் சுடும் அடுப்புக்கு மேலிருந்த சிறு இடுக்கில் படுத்துறங்கினார். சிறுவயதிலேயே சந்தைக் கூத்தாடிகளைப் பார்த்துக் கயிற்றில் நடக்கவும் பந்துகளை வீசிப் பிடிக்கவும் கற்றிருந்தார். இந்த வித்தைகள் எல்லாம் பின்னாளில் பயன்பட்டன.

1841 ஜூன் 5 அன்று குருவானார். மேற்பயிற்சிக்காக டுரின் வந்தார். அவருடைய வழிகாட்டி கஃபாஸோ என்ற குரு சிறைகளுக்குச் செல்பவர். உடன் இவரையும் அழைத்துச் சென்றார். பன்னிரண்டு முதல் பதினெட்டு வயது வரையுள்ள, உடல்வலிமை மிக்க பையன்கள் அங்கே சும்மா அடைந்து கிடந்தார்கள். அவர்களுள் பலர், விடுதலையாகிச் சில நாள்களிலேயே மீண்டும் உள்ளே வந்தார்கள். வெளியே அவர்களுக்காக ஒருவர்கூட இல்லை என்பதே அதற்குக் காரணம் என்று அவர் கண்டார். வெளியே வரும் நாளில் ஒரு நண்பன் காத்திருந்தால் இவர்கள் திரும்பிப் போவார்களா என்ற கேள்விதான் அவரை வாழ்நாள் முழுவதும் ஓட வைத்தது.

டுரின் அப்போது விரைந்து வளர்ந்துகொண்டிருந்தது. மலைப்பகுதிகளிலிருந்து பையன்கள் நகருக்கு இறங்கி வந்தார்கள். கொத்தனாருக்குக் கல்லும் சுண்ணாம்பும் சுமந்தார்கள், புகைப்போக்கிகளைத் துடைத்தார்கள். கட்டட வேலை நின்றால் தெருவில் நின்றார்கள். கோயிலில் மறைக்கல்வி வகுப்பு உண்டுதான். ஆனால் அந்தந்தப் பங்கைச் சேர்ந்தவர்களுக்குத்தான். வந்தேறிப் பையன்கள் எந்தப் பங்கையும் சேர்ந்தவர்கள் அல்லர்.

1841 டிசம்பர் 8 அன்று நடந்ததாக அவரே முதுமையில் எழுதிவைத்த நிகழ்ச்சி ஒன்று உண்டு. பூசைக்கு உதவத் தெரியாத ஒரு பையனைக் கோயில் பணியாளர் கழியால் அடித்து விரட்டினார். ஜான் போஸ்கோ அவனைத் திரும்ப அழைத்தார். அவன் பதினாறு வயதுக் கட்டடத் தொழிலாளி. தாயும் தந்தையும் இல்லை. எழுதப் படிக்கத் தெரியாது. பாடத் தெரியுமா என்று கேட்டார், தெரியாது. சீழ்க்கை அடிக்கத் தெரியுமா என்று கேட்டார், பையன் சிரித்துவிட்டான். முப்பது ஆண்டுகளுக்குப் பின் எழுதிய நினைவுக் குறிப்பு என்பதால் அதில் மெருகு ஏறியிருக்கக்கூடும். ஆனாலும் அந்தக் கேள்விகளின் வரிசை பொய்யாக இருக்கமுடியாது என்று எனக்குத் தோன்றுகிறது. தெரியாது, தெரியாது என்றே சொல்லிப் பழகிய ஒருவனிடம், அவனுக்குத் தெரிந்த ஒன்றைக் கண்டுபிடிக்கும் வரை விடாமல் கேட்டுக்கொண்டிருப்பது பயிற்சி நிலைய நேர்காணல்களில் நான் ஒருநாளும் செய்யாத வேலை.

ஞாயிறுதோறும் பையன்கள் கூடினார்கள். பத்து நூறாயிற்று. அத்தனை பேரை வைத்துக்கொள்ள இடம்தான் இல்லை. ஒரு கல்லறைத் தோட்டத்துச் சிற்றாலயம், மாவு ஆலைகளை ஒட்டிய ஆலயம், வாடகை அறைகள், பிறகு வெறும் புல்வெளி என்று துரத்தப்பட்டார்கள். எங்கு சென்றாலும் கூச்சல் தாங்கவில்லை என்று அக்கம்பக்கத்தார் முறையிட்டார்கள். 1848 புரட்சிக்கு முந்தைய காலம் அது. நூற்றுக்கணக்கான இளைஞர்கள் ஒருவர் சொல்லுக்குக் கட்டுப்பட்டு ஊர்வலமாகச் செல்வதை நகர நிர்வாகம் ஐயத்தோடு பார்த்தது. அவருக்கு வேலை தந்திருந்த பரோலோ சீமாட்டி, என் நிறுவனமா, அந்தப் பையன்களா என்று முடிவு செய்யச் சொன்னார். அவர் வேலையை விட்டார். உடன்பணியாற்றிய குருக்கள் இருவர் அவருக்குச் சித்தம் கலங்கிவிட்டது என்று முடிவுகட்டி, மனநோய் விடுதிக்கு அழைத்துச் செல்ல வண்டியோடு வந்தார்களாம். மரியாதைக்காக அவர்களை முதலில் ஏறச் சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தி வண்டியை விரட்டச் செய்தார் என்பது அவருடைய நினைவுக் குறிப்பின் நகைச்சுவையான பக்கம்.

1846 ஏப்ரல் 12, உயிர்ப்பு ஞாயிறு அன்று, வால்தொக்கோ என்ற புறநகர்ப் பகுதியில் பினார்தி என்பவரின் கொட்டகை வாடகைக்குக் கிடைத்தது. தலை இடிக்கும் உயரம். கூரையை உயர்த்தக் காசில்லாததால் தரையைத் தோண்டித் தாழ்த்தினார்கள். அந்தக் கோடையில் உழைப்பு மிகுந்து அவர் சாகும் நிலைக்குப் போனார். பிழைத்துச் சொந்த ஊரில் தேறினார். நவம்பரில் தாயையும் அழைத்துக்கொண்டு நடந்தே டுரின் திரும்பினார். அப்போது தாய்க்கு ஐம்பத்தெட்டு வயது.

மாலையில் வேலை முடித்து வருபவர்களுக்கு இரவுப் பள்ளி தொடங்கினார். ஆசிரியர்களுக்குக் கொடுக்கப் பணமில்லை. ஆகவே, சற்றுப் படித்த பையன்களுக்குத் தாம் இலவசமாகப் பாடம் நடத்தி, அதற்கு ஈடாக அவர்களைச் சிறியவர்களுக்குக் கற்பிக்கச் செய்தார். என்ன கற்பித்தார் என்பதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. 1850 ஜனவரி 1 முதல் மீட்டர், கிலோகிராம் அளவைகள் பியட்மாண்டில் கட்டாயமாகவிருந்தன. பழைய முழமும் படியும் மட்டுமே அறிந்த தொழிலாளி அன்று முதல் ஏமாறப்போகிறான் என்று அவர் கணித்தார். புதிய அளவைகளை எளிமையாக விளக்கி ஒரு சிறுநூல் எழுதினார். அதையே நாடகமாக்கிப் பையன்களை நடிக்கவைத்தார். பள்ளியை விட்டுப் போனவனிடம் விட்ட இடத்திலிருந்து பாடம் தொடங்கலாம் என்று அவர் சொல்லவில்லை. அடுத்த மாதக் கூலியை எண்ணி வாங்க உதவும் ஒன்றை முதலில் கையில் கொடுத்தார்.

தோல்விகளும் உண்டு. ஒருமுறை வீடற்ற பையன்கள் சிலரை வைக்கோல் பரணில் படுக்கவைத்தார். விடிந்தபோது பையன்களும் இல்லை, போர்வைகளும் இல்லை. 1847-இல் ஒரு மழை இரவில், நனைந்து நடுங்கியபடி வேலை தேடி வந்த ஒரு கொத்தனார்ப் பையன் கதவைத் தட்டியபோது, தாயார் பாத்திரங்களை நினைத்துத் தயங்கினார். பிறகு அவரே செங்கற்களை அடுக்கிப் பலகை பரப்பி அடுக்களையில் படுக்கை செய்துகொடுத்தார். கதவை மட்டும் பூட்டினார். அன்பும் எச்சரிக்கையும் ஒரே கையில் இருந்த அந்தத் தாயை எனக்கு மிகவும் பிடிக்கும். போலிச் சண்டை விளையாட்டில் பையன்கள் தம் காய்கறித் தோட்டத்தை மிதித்துத் துவைத்த நாளில் ஊருக்கே போகிறேன் என்று அவர் கிளம்பினார். மகன் பதில் பேசாமல் சுவரிலிருந்த சிலுவையைக் காட்டினார். தாய் தங்கிவிட்டார், 1856-இல் இறக்கும்வரை அந்தப் பையன்களின் கிழிந்த சட்டைகளைத் தைத்துக்கொண்டிருந்தார்.

இனி, அந்த ஒப்பந்தத்துக்கு வருகிறேன். 1851 நவம்பரில் ஒரு கண்ணாடித் தொழிலாளியோடு எழுதியதும், மூன்று மாதம் கழித்து ஒடாஸ்ஸோவுக்காக எழுதியதும் இன்றும் கிடைக்கின்றன. தச்சர் எதற்கெல்லாம் உடன்பட்டிருக்கிறார் என்று பாருங்கள். தொழிலின் நுணுக்கங்களை மறைக்காமல் கற்றுத்தர வேண்டும். தவறு செய்தால் சொல்லால் திருத்தவேண்டும், அடிக்கக் கூடாது. தொழிலுக்குச் சம்பந்தமில்லாத வேலைகளுக்கும் அவன் உடலுக்கு மீறிய வேலைகளுக்கும் அவனைப் பயன்படுத்தக் கூடாது. ஞாயிறும் திருநாளும் அவனுக்கு உரியவை. நாள் கூலி 30 சென்டெசிமியில் தொடங்கிக் காலப்போக்கில் 60 வரை உயரவேண்டும். கண்ணாடித் தொழிலாளியின் ஒப்பந்தத்தில் ஆண்டுக்கு இரண்டு வார விடுப்பும் உண்டு. பயிற்சிப் பையனை வீட்டு வேலைக்காரனாகவும் அடிதாங்கியாகவும் நடத்துவது வழக்கமாயிருந்த காலத்தில் எழுதப்பட்ட வரிகள் இவை.

இது முதலாளியைக் கட்டும் பகுதி. பையனின் நன்னடத்தைக்கு உதவுவதாகத் தாமும் வாக்களித்து, போஸ்கோ தம்மையும் அதே தாளில் கட்டிக்கொண்டார். அதன்பின் வார நாள்களில் பட்டறை பட்டறையாக, சாரம் சாரமாக நடந்தார். பையன் வந்தானா, ஆசான் கற்றுத்தருகிறாரா என்று பார்த்தார். 1850-இல் பையன்களுக்குள்ளேயே ஒரு பரஸ்பர உதவிச் சங்கத்தையும் ஏற்படுத்தினார். வாரம் ஒரு சிறு நாணயம் சந்தா. நோயுற்றாலோ தன் தவறின்றி வேலை இழந்தாலோ நாளுக்கு 50 சென்டெசிமி உதவி. வேலை போன மறுநாளே தெருவுக்குத் திரும்பாதிருக்க ஓர் இடைத்தாங்கல்.

நம் நாட்டில் 1961-ஆம் ஆண்டின் தொழில்பழகுநர் சட்டமும் ஒப்பந்தம் கேட்கிறது. பையன் உரிய வயது நிரம்பாதவன் என்றால் காப்பாளர் கையொப்பமிட வேண்டும். எங்கள் சேர்க்கைப் படிவத்திலும் அந்தக் கட்டம் இருந்தது. அதில் யார் கையொப்பமிட்டார் என்று நான் பார்த்ததே இல்லை. ஆனால் வருகைப் பதிவேட்டை நன்றாகப் பார்ப்பேன். இருபத்தைந்து ஆண்டுகளுக்கு முன், தொடர்ந்து வராத ஒரு மாணவனின் பெயரைச் சிவப்பு மையால் அடித்தேன். விதி அப்படி, நான் விதியை மீறாதவன் என்ற பெருமையும் இருந்தது. பல ஆண்டுகள் கழித்து ஒரு பேருந்து நிலையத்தில் அவனே என்னை அடையாளம் கண்டு வணங்கினான். லாரியில் கிளீனராக இருப்பதாகச் சொன்னான். தேநீர் வாங்கிக் கொடுத்துக் காசும் அவனே கொடுத்தான். அந்தச் சமயத்தில் அப்பா படுத்த படுக்கையாகிவிட்டதால் காய்கறிச் சந்தையில் மூட்டை தூக்கப் போனதாகவும், நிலையத்திலிருந்து யாராவது தேடி வருவார்கள் என்று ஒரு வாரம் எதிர்பார்த்ததாகவும் சொன்னான். குறையாகச் சொல்லவில்லை. அதனால்தான் அது இன்னும் என்னை விட்டுப் போகவில்லை. அவன் வீடு எங்கள் நிலையத்திலிருந்து நான்கு கிலோமீட்டர்.

வெளிப்பட்டறைகளில் பையன்கள் கெட்டுப்போகிறார்கள் என்று கண்டு, 1853 முதல் போஸ்கோ தம் வீட்டுக்குள்ளேயே பட்டறைகளை அமைத்தார். முதலில் செருப்புத் தைத்தலும் தையலும்; மறு ஆண்டு நூல் கட்டுதல்; 1856-இல் தச்சு; பிறகு அச்சகம்; 1862-இல் கொல்லுப்பட்டறை. 1854-இல் டுரினைக் காலரா தாக்கியபோது, நோயாளிகளைத் தொட ஊரார் அஞ்சிய வேளையில், இந்தப் பையன்கள்தாம் முன்வந்து அவர்களைத் தூக்கிச் சென்றார்கள். ஊர் அவர்களைப் பார்த்த பார்வை அப்போது மாறியது. வீட்டில் தங்கிப் பயின்றவர்கள் பல நூறானார்கள். அந்த வளர்ச்சியைக் குறைசொல்ல நான் வரவில்லை. ஆயினும், ஊருக்குள் ஒவ்வொரு முதலாளியோடும் தனித்தனியே வாதாடி எழுதிய அந்தப் பழைய தாள்களில் இருந்த சூடு பெரிய நிறுவனங்களுக்கு வாய்ப்பது அரிது என்பது என் எண்ணம்.

அவர் தம் காலத்தின் மனிதரும்கூட. அரசியலில் பழைமைவாதி. வேற்றுச் சபையாரான வால்டென்சியர்களை எதிர்த்துக் கடுமையாக எழுதினார். அந்தப் பக்கங்களை இன்று படிப்பது இனிமையாக இல்லை. அதே மனிதர், திருச்சபையோடு மோதிக்கொண்டிருந்த ரத்தாத்ஸி என்ற அமைச்சரின் யோசனையையும் உதவியையும் பையன்களுக்காக ஏற்கத் தயங்கவில்லை. 1859-இல் தம்மோடு வளர்ந்த இளைஞர்களைக் கொண்டே சலேசிய சபையைத் தொடங்கினார். 1877-இல் தம் அனுபவத்தைச் சில பக்கங்களில் எழுதினார். குற்றம் நடந்தபின் தண்டிப்பதைவிட, நடக்காதபடி உடனிருப்பதே கல்வி என்பது அதன் சாரம். அடி அறவே கூடாது என்பதையும் அதில் வலியுறுத்தினார். 1888 ஜனவரி 31 அன்று காலமானார். சிறுவனாக அவரிடம் வந்து அவருக்குப் பின் தலைவரான மைக்கேல் ருவா அனுப்பிய குழு, 1906-இல் தஞ்சாவூருக்கு வந்து இறங்கியது. சலேசியர்கள் இந்தியாவில் பணி தொடங்கியது அங்கேதான்.

சென்ற சனிக்கிழமை அந்தப் பையனோடு மீண்டும் லேத் பட்டறைக்குப் போனேன். முத்திரைத்தாள் எதுவும் இல்லை. உரிமையாளர் எண்ணெய்க் கறை படிந்த நீள நோட்டில் அவன் பெயரை எழுதினார். பக்கத்தில் என் பெயரையும் கைப்பேசி எண்ணையும் எழுதச் சொன்னார். எழுதினேன். முதல் மூன்று மாதம் பேருந்துச் செலவும் மதியச் சாப்பாடும், பிறகு வாரக் கூலி என்று பேசி முடித்தோம். அடிக்கக் கூடாது என்று நான் சொன்னபோது உரிமையாளர் சிரித்தார். பயிற்சிக் காலத்தில் அளவு தவறியதற்காக நான் அவர் விரல்களில் எஃகு அளவுகோலால் தட்டியதை நினைவுபடுத்தினார். புதன்கிழமைதோறும் வந்து பார்ப்பதாகச் சொல்லியிருக்கிறேன்.

பட்டறை காலை எட்டரை மணிக்குத் திறக்கும். பையனுக்கு விடியும்போதுதான் தூக்கமே வருகிறது. நாளை முதல் ஏழு மணிக்கு நான் போய் அவன் வீட்டுக் கதவைத் தட்டவேண்டும்.